மூலையில் நிற்கும் கதிர்

ஆசிரியர் அவர்களுக்கு,

தை பிறந்தால் டெல்டா மாவட்டக் கத்தோலிக்கக் கோவில்களில் பொங்கல் திருப்பலி (பூசை) நடக்கும். காணிக்கைப் பவனியில் புதுநெல்லும் கரும்பும் வரும். நல்ல வழக்கம்தான், சில இடங்களில் பிசகுகிறது.

நெல்லையும் பொங்கல் பானையையும் திருப்பலி நடக்கும் பீடத்தின் மேல் வைத்துவிடுகிறார்கள். ஏழைகளுக்கும் கோவிலுக்கும் தரும் பொருள்களைப் பீடத்தை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும் என்கிறது திருப்பலியை நடத்தும் விதிகளைச் சொல்லும் திருப்பலி நூல் நெறிமுறையின் 73ஆம் எண். அடுத்தது ஈரம். அறுத்த கையோடு மூட்டை கட்டிய நெல்லில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். கோவில் பின்னறையில் ஒரு வாரம் கிடந்தால் உள்ளே சூடேறி, பூசணம் பிடித்து நாறும். 14 சதவீதத்துக்கு இறங்கும்வரை களத்தில் காயவைத்துக் கொண்டுவரலாம். பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். அந்த வாரமே, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை வழியாகப் பங்கிட்டுவிட்டால் பின்னறைக்கே வேலையில்லை.

இதைவிடப் பெரிய பிசகு பேச்சில் இருக்கிறது. "பத்தில் ஒன்று கொடு, மகசூல் பெருகும்" என்று விவிலியத்தின் மலாக்கி நூல் 3:10ஐக் காட்டிப் பேசுவது நம் ஊர்களிலும் கேட்கிறது. கடவுளின் ஆசி வட்டிக் கணக்கல்ல. திருச்சபைச் சட்டம் 222 கோவில் தேவைக்கும் ஏழைகளுக்கும் உதவச் சொல்கிறதே தவிர, சதவீதம் எதையும் குறிக்கவில்லை. அதே மலாக்கியில் ஐந்து வசனம் முன்னால், கூலியாளின் கூலியில் கை வைப்பவனுக்கு எதிராகக் கடவுளே சாட்சி சொல்கிறார். அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை! நாற்று நட்டவர்களின் கூலியை "நெல் போட்ட பணம் வரட்டும்" என்று தள்ளிப்போட்டுவிட்டு முதல் மூட்டையைக் கோவிலுக்குக் கொண்டுவருவது விவிலியத்தின் இணைச்சட்ட நூல் 24:15க்கு நேர் எதிர். அன்றன்றைய கூலியைச் சூரியன் மறையுமுன் கொடு என்கிறது அது. நான்கு வசனம் தள்ளி, வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை (அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டை) திரும்பப் போய் எடுக்காதே, அது அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும், அப்போதுதான் உன் உழைப்பில் ஆசி இருக்கும் என்கிறது.

இன்றைக்கு ஏது அரிக்கட்டு என்று கேட்கலாம். அறுவடை மெஷின் திரும்ப முடியாத மூலைகளும் வரப்போரமும் இன்றும் கையறுப்புதான். வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காதே என்று லேவியர் 19:9 சொல்வது இந்த இடத்தைத்தான். அந்த மூலைகளை நிலமில்லாத குடும்பங்களுக்கு விட்டுவிடலாம். பொங்கலன்று பல வயல்களில் சம்பா இன்னும் நிற்கும் என்பதால் அன்றைய திருப்பலி அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மெஷின் இறங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை.

– மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்