தங்கவயல் நினைவுக் கற்கள்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கோலார் தங்கவயலில் நட எடுத்துக்கொண்ட 12 நினைவுக் கற்களில் 11 நின்றுவிட்டன. மற்றொன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. கையிருப்பு சொற்பம், கடன் இல்லை.

எல்லாம் கருங்கல், தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மும்மொழி வாசகம். சுரங்க வளாகங்கள் பூட்டிக் கிடப்பதால் ஒரு கல்லும் வேலிக்கு உள்ளே இல்லை. முதலில் வந்த கல்லில் ‘தங்கவயல்’ ‘தங்கவயில்’ ஆகியிருந்தது. கல்தச்சர் தம் செலவிலேயே வேறு கல் வெட்டிக் கொடுத்தார். பிழைக்கல்லைக் கவிழ்த்துப் போட்டு, தங்கவயலின் ஒரு பகுதியான உரிகத்தில் உட்காரும் பலகை ஆக்கினோம். 11 கற்களையும்விட அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

வாசகங்களில்தான் நேரம் போயிற்று. உரிகம் கல்லில், 1870களில் உரிமம் பெற்ற லவேல் என்ற ஐரிஷ்காரர் தங்கத்தைக் ‘கண்டுபிடித்தார்’ என்று முதல் வரைவு சொன்னது. அவருக்கு எழுபது ஆண்டுக்கு முன்பே, 1802இல், பிரிட்டிஷ் படை அதிகாரி லெப்டினன்ட் வாரன் தங்கம் காட்டுவோருக்குப் பரிசு அறிவித்தபோது, ஊர்க்காரர்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவிப் பொன்துகளைக் காட்டினார்கள். கழுவத் தெரிந்தவர்கள் இருந்த ஊரில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ‘உரிமம் பெற்றார்’ என்று திருத்தினோம். சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்ததும் அதே கல்லில் உண்டு.

மாரிகுப்பம் ரயில் கல்லுக்கு இரண்டு வரி போதுமாக இருந்தது. 1894இல் தங்கத்துக்காகப் போட்ட பாதை. இன்று விடியற்காலையில் நம் பிள்ளைகளைப் பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிச் செல்கிறது. மின்சாரக் கல்லில் உறுப்பினர் சிலருக்குத் தனிப் பெருமை. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902இல் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு வந்தது 1905இல்தான்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்கான கல் இரண்டு சேதிகளைத் தாங்குகிறது: சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது, 1965இல் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார், ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பதிவு செய்தார்கள். மேலே கிடக்கும் பாறை மற்ற கதிர்களை வடிகட்டிவிடும் என்பதால்தான் இவ்வளவு கீழே போனார்கள்.

சயனைடு மேட்டின் அடியில் உள்ள கல் ‘இது மலை அன்று’ என்று தொடங்குகிறது. பாறையை அரைத்து, சயனைடால் தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. ஏறி நின்று படம் எடுக்கிறார்கள்.

மிகவும் சிரமப்பட்டது லைன் கல். லைன் என்பது தொழிலாளர் குடியிருப்பு வரிசை. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் தட்டி வீடுகள் இருந்த இடத்தில் காட்டுவதற்கு ஒரு சுவரும் இல்லை. வெள்ளை அதிகாரிகளின் பங்களாவும் கிளப்பும் தங்களைத் தாங்களே காட்டிக்கொள்ளும். தட்டிக்குக் கல்தான் கதி. 1926 முதல் ‘தமிழன்’ இதழ் தங்கவயலிலிருந்து வெளிவந்ததையும் இதிலேயே சேர்த்தோம். இடம் போதவில்லை என்று எழுத்தைச் சிறிதாக்கியது சரியில்லை என்று முதியவர்கள் கண்டித்தார்கள். நியாயம்தான்.

ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும் பாறை வெடிப்பில் இறந்தவர்களுக்கான கல்லை, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் வைக்க வேண்டும் என்றே முதலில் நினைத்திருந்தோம். மூத்த பெண் உறுப்பினர் ஒருவர் மறுத்தார். நிலம் அதிர்ந்தால் லைனே ஓடும். பெண்கள் கேட்டுக்கு வெளியேதான் நிறுத்தப்படுவார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும்போதெல்லாம் யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள் என்றார். கல்லை அவர் காட்டிய புளியமரத்தடியில் நட்டோம். பெயர்கள் பொறிக்கவில்லை, கிடைத்த பெயர்களை மட்டும் எழுதினால் விடுபட்டவர்களை இரண்டாம் முறை புதைத்ததாகிவிடும். சுரங்கம் மூடிய நாள், 2001 பிப்ரவரி 28, இதன் பின்பக்கத்தில் இருக்கிறது.

நிற்காத கல் 1930 வேலைநிறுத்தக் கல். கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் 21 நாள் வேலைக்குப் போகவில்லை. அந்தக் கல்லுக்கு இடம் கேட்டுப் போன அலுவலகத்தில், விண்ணப்பதாரரின் கைரேகையை இயந்திரத்தில் பதியச் சொன்னார்கள். நம் தலைவர் சிரித்துவிட்டுப் பதித்தார். கோப்பு இன்னும் திரும்பவில்லை. கல் பொருளாளர் வீட்டு முற்றத்தில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது.

ஒரு வேண்டுகோள். காற்றடிக் காலத்தில் சயனைடு மண் பறந்து எழுத்துப் பள்ளங்களில் அடைத்துக்கொள்கிறது. லைன் கல்லில் ஏற்கெனவே பாதி படிக்க முடியவில்லை. மாதம் ஒருவர் முறை வைத்துத் துடைக்கலாம். வாளியும் தேங்காய்நார் பிரஷும் என் வீட்டுத் திண்ணையில் உள்ளன. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு துடைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு