ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்

நாமக்கல்,
ஞாயிறு இரவு

கண்ணு,

வெள்ளைச்சி கன்று போட்டிருக்கிறது, கிடாரி. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். போனில் பேசினால் உன் பக்கத்தில் யாராவது இருப்பார்கள், அதனால்தான் கடிதம்.

"ரத்தத்தில் ஏதோ வி.டி.ஆர்.எல்.லாம், ஒன்றுமில்லம்மா" என்றாய். அதோடு 12 நாளாகப் போன் இல்லை. அது சிபிலிஸ் என்கிற மேகநோய்க்குப் பார்க்கிற பரிசோதனை. ஊசி போட்டாயா? கர்ப்பத்தில் சிலருக்குச் சும்மாவும் பாசிட்டிவ் காட்டும், டி.பி.எச்.ஏ. என்று இன்னொரு பரிசோதனை உண்டு, கேள். மேகநோய்தான் என்றாலும் பயப்படாதே, பெனிசிலின் இருக்கிறது. இடுப்பில் இரண்டு பக்கமும் பாதிப்பாதியாக, மொத்தம் 24 லட்சம் யூனிட். கெட்டி மருந்து, கால் கடுக்கும். வாரம் ஒன்றாக 3 என்று சொன்னால் மூன்றையும் போடு. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னாலாவது போட்டு முடித்திருக்க வேண்டும். உனக்கு ஐந்து முடிகிறது. நாள் இருக்கிறது, ஆனால் தள்ளாதே.

மாப்பிள்ளையும் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை தனியாகப் படுங்கள். எட்டாவது படிக்கும்போதே அம்மாயியின் சீட்டுக் கணக்கில் தப்புக் கண்டுபிடித்த பிள்ளை நீ. இதை மட்டும் ஏன் மூடி வைக்கிறாய்?

ஏன் என்று எனக்குத் தெரியும். உனக்கு மூத்தவன் ஏழாம் மாதத்தில் போனது நான் தண்ணிக்குடம் தூக்கியதால் இல்லை. எல்லோரும் அப்படிச் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். நர்சம்மா அப்போதே என் கர்ப்பக் கார்டில் எழுதி, "அவரையும் கூட்டி வா" என்றாள். அப்பா நாக்பூர் லைன் ஓட்டிக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது என்று கூசிப்போய் நான் மட்டும் ஊசி போட்டுக்கொண்டேன். கார்டை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். அவரிடமிருந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. வலி இல்லை, புண் இல்லை, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிள்ளையின் உள்ளங்கால் தோல், தொட்டால் நனைந்த காகிதம் மாதிரி கையோடு வந்தது. அவன் அழவே இல்லை.

நீ வயிற்றில் வந்த பிறகுதான் கார்டை எடுத்து அப்பாவிடம் காட்டினேன். பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார். முதல் தடவை கேட்டிருந்தாலும் வந்திருப்பார், கண்ணு.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வளைகாப்பு பேச வருவதாக உன் மாமியாரிடம் சொல்லிவிடு. மாப்பிள்ளையை அன்றைக்கு லீவு போடச் சொல். உன் கார்டை எடுத்து வை.

அம்மா