கட்-ஆஃப் பார்ப்பதற்கு முன்னால் ஓபி வரிசையைப் பார், தம்பி

அன்புள்ள தம்பி,

போன வாரம் என் பல் கிளினிக்கில் இருக்கும் உன் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, டிபன் கேரியரை வைத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாய்: "மேடம், எம்பிபிஎஸ் கிடைக்கலைன்னா பல் டாக்டருக்கான பிடிஎஸ் எடுத்துடலாமா? எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" அந்த நேரம் சேரில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார், நானும் "படி, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதெல்லாம் ஒரு பதிலா? ராத்திரி படுத்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. உன்னை மாதிரி இன்னும் நாலு பேர் இதையே கேட்பதால் பொதுவில் எழுதுகிறேன். பேர் போடவில்லை, பயப்படாதே.

முதலில் அந்த "கிடைக்கலைன்னா". நானும் அப்படி வந்தவள்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் என் வகுப்பில் ஏழெட்டுப் பேர் முதல் வருஷம் முழுக்க ஒரு காலை வெளியிலேயே வைத்திருந்தார்கள். மறுபடி எம்பிபிஎஸ்ஸுக்கு எழுதப் போகிறேன், மறுபடி எழுதப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி, அதுவும் கிடைக்காமல் இங்கேயும் அரியர் விழுந்து நின்றார்கள். முதல் வருஷமே உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் உண்டு. "வெறும் பல்லுதானே" என்று வருகிறவனுக்குப் பிணத்தை அறுக்கும் மேசையைப் பார்த்ததும் முகம் மாறிவிடும்.

அதோடு மெழுகு. இதைப் பற்றிப் பிளஸ் டூவில் யாரும் வாய் திறப்பதே இல்லை. கையில் ஒரு மெழுகுக் கட்டையும் லெக்ரான் கார்வர் என்கிற சின்னக் கத்தியும் கொடுத்து, மேல் முன்பல் ஒன்றைச் செதுக்கு என்பார்கள். வெளியே தெரியும் பாகம் 10.5 மில்லிமீட்டர் உயரம், வேர் 13, அகலம் 8.5. இது பாடப்புத்தக அளவு. செதுக்கும்போது அதையே பெரிதாக்கிச் செய்யச் சொல்வார்கள். அளவைக்கூட ஸ்கேல் வைத்துப் பிடித்துவிடலாம். கஷ்டம் மூலைகளில்தான். இப்போதே எழுந்து போய்க் கண்ணாடியில் உன் மேல் முன்பல் இரண்டையும் பார். நடுக்கோட்டைப் பார்த்த மூலை கூராக இருக்கும், வெளிப்பக்க மூலை லேசாக உருண்டிருக்கும். அந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் இது வலதுபக்கப் பல்லா இடதுபக்கப் பல்லா என்று சொல்வோம். நான் மூன்று மணி நேரம் செதுக்கிக் கொண்டுபோன முதல் பல்லை எங்கள் சார் இரண்டு விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யார் வாயில இருக்கும்மா?" என்று கேட்டார். இரண்டு மூலையையும் கூராக்கி வைத்திருந்தேன்.

அதனால் உனக்கு ஒரு வேலை. ஒரு குளியல் சோப்பு வாங்கி, இந்த லீவில் அந்தப் பல்லைச் செதுக்கிப் பார். முதல் தடவை கண்றாவியாகத்தான் வரும், எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கு வேண்டியது நல்ல பல் இல்லை. நாலாவது சோப்பு எடுக்கும்போது உனக்கு எரிச்சல் வருகிறதா, இல்லை நேரம் போனதே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாயா என்று மட்டும் பார். எரிச்சல் வந்தால் என்னிடம் தைரியமாகச் சொல், வேறு படிப்பு எத்தனையோ இருக்கிறது.

நீட் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, உனக்கே தெரியும். 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு, தப்புக்கு ஒரு மார்க் போகும். தமிழில் எழுதுவதாக இருந்தால், கேள்வித்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதுதான் செல்லும். பாடத்தைத் தமிழில் படித்தாலும் ஆங்கிலக் கலைச்சொல்லைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்.

நீ ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு உனக்குப் பொருந்தும், அதில் தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடமே கிடைத்தாலும் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு இது கிடையாது, அந்த இடங்கள் முழுக்க மத்திய அரசு நடத்தும் அகில இந்தியக் கலந்தாய்வுக்குப் போய்விடும். ஒரு விஷயம் மட்டும் மறந்துவிடாதே: ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் படித்ததற்குத் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்க வேண்டும். எட்டாவது வரை நீ படித்தது பாட்டி ஊரில், அந்தப் பள்ளிக்கும் தனியாகப் போக வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் எச்எம் லீவில் இருப்பார். இப்போதே போ.

சரி, காலேஜ். தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மூன்றுதான். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது 1953-இல் தொடங்கியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது இன்னொன்று. புதுக்கோட்டையில் 2023-இல் 50 இடங்களோடு ஆரம்பித்தது மூன்றாவது. இதில் எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர். யோசனையெல்லாம் தனியார் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போதுதான்.

உன் அப்பா "பெரிய பில்டிங்கா இருக்கு" என்பார், கோச்சிங் சென்டர்காரர் ரேங்க் பட்டியலைக் காட்டுவார். 2025-இல் மத்திய அரசு போட்ட பல் மருத்துவத் தரவரிசையில் முதலிடம் டெல்லி எய்ம்ஸ், ஆனால் அங்கே பிடிஎஸ்ஸே கிடையாது, மேற்படிப்பு மட்டும்தான். ஆராய்ச்சிக் கட்டுரை எத்தனை வந்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். பதினேழு வயதுப் பையன் எங்கே பல் பிடுங்கக் கற்றுக்கொள்வான் என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் கிடைக்காது.

நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: காலை ஒன்பது மணிக்கு ஓபி சீட்டுக் கொடுக்கும் இடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள்?

பிடிஎஸ் நாலு வருஷம், அப்புறம் ஒரு வருஷம் பயிற்சி. மூன்றாம் வருஷத்திலிருந்து நோயாளியைத் தொடுவோம். இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும், இத்தனை ஃபில்லிங், இத்தனை பல் செட் என்று ஒவ்வொரு துறையிலும் கோட்டா உண்டு. நான் படித்த காலேஜ் பைபாஸ் ரோட்டில் ஊரை விட்டு ரொம்ப தூரம் தள்ளி இருந்தது, பளிங்குத் தரை, ஏசி, ஆனால் ஆள் வராது. நாங்களே பேஷண்ட் பிடித்து வர வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டில் நின்று "அண்ணே, இலவசமா க்ளீன் பண்ணி விடறேன், வாங்கண்ணே" என்று கெஞ்சியிருக்கிறேன். என் ஆச்சியும் அவர் கூட்டாளிகள் மூன்று பேரும் பல் செட் கட்டியது என் கோட்டாவுக்காகத்தான், பஸ் காசு நான் கொடுத்தேன். கடைசி வருஷப் பரீட்சைக்கு ஃபில்லிங் செய்ய ஒரு பழக்கடை அண்ணனைச் சொல்லி வைத்திருந்தேன், அன்று காலை அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். எட்டரைக்கு அழுதுகொண்டே கேட்டில் நின்ற என்னைப் பார்த்து, கேன்டீனில் டீ போடுகிறவர் "என் பல்லுலயும் ஓட்டை இருக்கும்மா" என்று வந்து உட்கார்ந்தார். அவர் புண்ணியத்தில்தான் இந்த போர்டு மாட்டியிருக்கிறேன்.

எம்ஜிஆர் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரி எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வித்தாள்தான், பட்டமும் ஒன்றுதான். ஆனால் படித்து முடித்து முதன்முதலில் வேலைக்குப் போன கிளினிக்கில், ஒரு கடைவாய்ப் பல் பாதியில் உடைந்து வேர் உள்ளே நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. கூட்டம் அலைமோதும் ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு வந்த என் ஜூனியர் பெண் அமைதியாக எலிவேட்டர் என்கிற நெம்பும் கருவியை வாங்கி ரெண்டு நிமிஷத்தில் வேரை எடுத்துவிட்டாள். சம்பளம் இரண்டு பேருக்கும் 12,000 தான், அதையும் இப்போதே தெரிந்துகொள். முதல் சில வருஷம் பணம் வராது, சொந்தமாகச் சேர் போட லட்சக் கணக்கில் வேண்டும், அரசு வேலை அபூர்வமாகத்தான் கூப்பிடுவார்கள்.

அதனால் கலந்தாய்வில் சாய்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று காலேஜுக்கு பஸ் ஏறிப் போ. பல் வலி என்று சொல்லிக்கூட ஓபி சீட்டு வாங்கிக்கொள். பயிற்சி டாக்டர்கள் டீ குடிக்கும் இடத்தில் நின்று, "கோட்டா முடிக்க வெளியே இருந்து ஆள் கூட்டிட்டு வரணுமா அண்ணா?" என்று கேள். அவர்கள் சிரிக்கிற சிரிப்பிலேயே தெரிந்துவிடும். கருவிகள், மெழுகு, பிளாஸ்டர் எல்லாம் கைக்காசில் எவ்வளவு ஆகும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள், ஆபீஸில் சொல்ல மாட்டார்கள்.

என் பழைய கார்வரை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், பிடி கொஞ்சம் வளைந்திருக்கும், பரவாயில்லை. சோப்பை நீ வாங்கிக்கொள். மூலைகளை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் டாக்டர் மேடம்