திருச்சி - யாழ்ப்பாணம்: 185 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சிக்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலிக்கும் இடையே 2025 மார்ச் 30 அன்று நேரடி விமான சேவை தொடங்கியதிலிருந்து, இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்கு அட்டவணையில் ஏன் ஒரு மணி நேரம் காட்டுகிறார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் கவனம் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரு நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 185 கிலோமீட்டர்தான். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால், அது பட்டுக்கோட்டைப் பக்கமாகச் சென்று, அதிராம்பட்டினம் அருகே கரையைக் கடந்து, எஞ்சிய பாதித் தூரத்தைப் பாக் நீரிணையின் மேல் கடக்கிறது. இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 என்ற சிறிய விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வரை பறக்கும் என்பதால், 22 நிமிடங்களில் போய்விடலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் அட்டவணை நேரம் என்பது, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான நேரமாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், அனுமதிக்குக் காத்திருப்பதும், மேலேறுவதும், காற்றின் திசைக்கேற்ப வளைந்து வந்து இறங்குவதும் அதில் அடக்கம். பயணம் 185 கிலோமீட்டரானாலும் 1,000 கிலோமீட்டரானாலும் இவற்றுக்கு ஆகும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. இந்தத் தடத்திலோ, முழு வேகத்தைத் தொட்ட சிறிது நேரத்திலேயே விமானம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே ஜெட் விமானத்தை விட்டாலும் சில நிமிடங்களுக்கு மேல் மிச்சமாகாது.

குறைக்க வேண்டியது தரையில் கழியும் நேரத்தைத்தான். பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்கிறார்கள். இறங்கியபின் குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டிக்கான காத்திருப்பு, அதன்பின் யாழ்ப்பாண நகருக்குச் சாலைப் பயணம் என்று அரை நாள் போய்விடுகிறது. மூட்டுவலியோடு சக்கர நாற்காலியில் வரும் ஒரு மூதாட்டி, வானில் இருப்பதைப் போல மூன்று மடங்கு நேரம் கூடத்தில் காத்திருக்க வேண்டியிருப்பது வேதனையானது. எண்பது பேருக்கும் குறைவாக ஏறும் சிறிய விமானத்துக்கு, பெரிய விமானங்களுக்கு உரிய அதே விதி தேவையா என்பதை அதிகாரிகள் பரிசீலிக்க வேண்டும்.

இத்தடத்தின் அருமையை, கொழும்பு சென்று அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே ரயிலிலோ பேருந்திலோ போனவர்கள் அறிவார்கள். 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. நெடுங்காலம் முடங்கிக் கிடந்த பலாலி, 2019 அக்டோபரில்தான் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் சென்றால் கடலில் மட்டுமே ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது. விமானப் பயணிக்கும் மொத்தத்தில் அதற்கு மேலேயே ஆகிறது என்றால், கூடுதல் கட்டணம் கொடுத்து விமானத்தில் ஏறுவதன் பயன் என்ன?

இரு நிலைய நிர்வாகங்களும் இத்தடத்துக்கெனத் தனிப் பதிவு முகப்பு அமைத்து, முன்வருகை நேரத்தை ஒன்றரை மணியாகக் குறைத்து, விமான நேரத்தை ஒட்டி இரு ஊர்களிலும் பேருந்துகள் இயங்க ஏற்பாடு செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.