அந்த 90 டாலரைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். பேத்தியின் கால்பந்துப் பயிற்சியாளரைப் பற்றி நீ எழுதியிருந்ததை இருவரும் படித்தோம். புதன்கிழமை மாலைகளில் மணிக்கு 90 டாலர் கொடுத்து அவரிடம் தனிப்பயிற்சி பெறும் பிள்ளைகளே சனிக்கிழமை ஆட்டத்தில் முதலில் இறங்குகிறார்கள் என்றும், மற்றப் பிள்ளைகள் இரண்டாம் பாதியின் கடைசிச் சில நிமிடங்களுக்காகப் பெஞ்சில் காத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். பணம் கொடுத்தால்தான் இடம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூடுதல் உழைப்பைக் காட்டும் பிள்ளைகளுக்கு முதலிடம் என்றுதான் சொல்லியிருக்கிறார். எல்லாரும் கொடுக்கும்போது நாம் மட்டும் விலகி நின்று குழந்தையை ஏன் வாட வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்பதாகவும் எழுதியிருந்தாய். என் கருத்தைக் கேட்டதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். மாப்பிள்ளை குழந்தையின் மீதுள்ள பாசத்தால்தான் அப்படி நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன், அவரும் படிக்கட்டும்.

மாப்பிள்ளை இதைக் கணக்கு டியூஷனைப் போன்றது என்கிறார். டியூஷனுக்குப் போகும் பிள்ளை கூடுதல் மதிப்பெண் வாங்கினால் பக்கத்து இருக்கைப் பிள்ளையின் மதிப்பெண் குறைந்துவிடுவதில்லை. ஆட்ட நேரமோ அளவு தீர்மானிக்கப்பட்ட ஒன்று. பேத்தி ஆடும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் பிரிவுக்கு அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் வகுத்திருக்கும் முறையை நீயும் அறிவாய்: பக்கத்துக்கு 9 பேர், 30 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள், அணிப் பட்டியலில் அதிகபட்சம் 16 பேர். 9 இடங்களை 60 நிமிடங்களால் பெருக்கினால் 540 நிமிடங்கள் வரும். அதை 16 பிள்ளைகளுக்குச் சமமாகப் பகிர்ந்தால் தலைக்கு ஏறத்தாழ 34 நிமிடங்கள். அந்த 540க்கு மேல் ஒரு நிமிடத்தைக்கூட எந்தப் பயிற்சியாளராலும் உண்டாக்க முடியாது. நாம் பணம் கொடுத்து நம் குழந்தைக்கு 50 நிமிடங்கள் பெற்றுத் தந்தால், கூடுதலாக வந்த 16 நிமிடங்களும் வேறு யாரோ ஒரு குழந்தையின் பங்கிலிருந்து வந்தவை. அந்தக் குழந்தையின் பெயரும் உனக்குத் தெரியும், அதன் பெற்றோரோடு நீ மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய். பந்தியில் பரிமாறுகிறவர் கையில் ஒரு வீட்டார் முன்கூட்டியே பணத்தைத் திணித்துத் தங்கள் பிள்ளையின் இலைக்கு மட்டும் இரண்டு கரண்டி பாயசம் விழச் செய்து, கடைசி இலைக்காரர் வெறும் இலையோடு எழுந்து போக நேர்ந்தால், நம் ஊரில் அதைப் பந்தி வஞ்சனை என்று தலைமுறை கடந்தும் பேசுவார்கள். இதுவும் அதுதான்.

இந்த வயதுப் பிரிவு ஆட்டங்களில் வெளியே அழைக்கப்பட்ட பிள்ளையைப் பெரும்பாலும் மறுபடியும் உள்ளே அனுப்பலாம் என்பதையும் மறந்துவிடாதே. பெரியவர்களின் போட்டிகளைப் போல, ஒரு முறை மாற்றினால் மாற்றியதுதான் என்ற நெருக்கடி பயிற்சியாளருக்கு இல்லை. பதினொரு வயதுக் குழந்தையை ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் இறக்குவதற்கு விதியோ வியூகமோ காரணமாக இருக்க முடியாது.

நான் எங்கள் ஊர்க் கிளப்பில் பொருளாளராகத் தொண்டு செய்த காலத்தில் இந்தப் பணத்தின் போக்கை உள்ளிருந்து பார்த்தவன். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கட்டணம் வாங்கும் கிளப்பில் பயிற்சியாளர்கள் செழிப்பாக இருப்பார்கள் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. மைதான வாடகை, இரவு விளக்கு, லீக் பதிவு, நடுவர் ஊதியம், போட்டி நுழைவுக் கட்டணம், காப்பீடு என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகே பயிற்சியாளரின் பங்கு வரும். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஓர் அணிக்கு, ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுப்பார்கள். பயிற்சி நாட்கள், வார இறுதி ஆட்டங்கள், இரண்டு மூன்று மணி நேரக் கார்ப் பயணம் எல்லாவற்றையும் சேர்த்து வகுத்தால் மணிக்கு மிகச் சொற்பமே மிஞ்சும். அதனால் ஒருவரே இரண்டு மூன்று அணிகளை ஏற்றுக்கொள்கிறார். மீதி வருமானத்துக்குத் தனிப்பயிற்சியை நம்புகிறார். உங்கள் பயிற்சியாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வீட்டு வாடகை கட்ட வேண்டிய ஓர் இளைஞர், தமக்குப் பணம் தரும் குடும்பத்தின் பிள்ளையையும் தராத குடும்பத்தின் பிள்ளையையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறேன். அவர் நேர்மையாளராகவே இருந்தாலும், புதன்கிழமைகளில் தாமே அருகிருந்து திருத்திய பிள்ளையைச் சனிக்கிழமை களத்தில் பார்க்க விரும்புவது மனித இயல்பு.

எங்கள் கிளப்பில் இதற்கு ஒரு வழி செய்தோம். எந்தப் பயிற்சியாளரும் தாம் அணிப் பட்டியல் எழுதும் அணியின் பிள்ளைகளுக்குக் காசு வாங்கித் தனிப்பயிற்சி தரக் கூடாது. வேறு வயதுப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தரலாம். பணம் கிளப் வழியாகத்தான் போக வேண்டும். சில பயிற்சியாளர்கள் முகம் சுளித்தார்கள், ஒருவர் விலகியும் போனார். ஆனால் ஆட்ட நேரத்தைப் பற்றிப் பெற்றோரிடமிருந்து வரும் புகார்களின் தன்மை மாறிவிட்டது. என் பிள்ளைக்கு இன்னும் என்ன வர வேண்டும் என்று கேட்டார்களே தவிர, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்பதை விட்டார்கள்.

தனிப்பயிற்சியே கூடாது என்று நான் சொல்வதாக மாப்பிள்ளை எண்ணிவிடக் கூடாது. பேத்திக்கு இடது கால் இன்னும் பழகவில்லை என்று நீயே சொல்கிறாய். பழக்கிக்கொடுக்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அந்த 90 டாலரை மனநிறைவோடு அவருக்குக் கொடுங்கள். அவர் பேத்தியின் அணிப் பட்டியலை எழுதுபவராக இருக்கக் கூடாது என்பது மட்டுமே என் நிபந்தனை. அவர் யாராக இருந்தாலும், பயிற்சி திறந்த மைதானத்தில், மற்றவர் பார்வையில் நடக்கட்டும். சிறுவர் விளையாட்டில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மட்டும் தனித்திருக்கும் பயிற்சி, பிறர் பார்க்கவும் குறுக்கிடவும் கூடிய இடத்தில் நடக்க வேண்டும் என்பது, விளையாட்டில் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அமைப்பான சேஃப்ஸ்போர்ட் மையத்தின் விதி. இதை நீ கேட்காவிட்டாலும் தாத்தாவாகச் சொல்லிவைக்கிறேன்.

இந்த நாட்டில் சிறுவர் கால்பந்து எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1964இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் தொடங்கிய ஏஒய்எஸ்ஓ என்ற சிறுவர் கால்பந்து அமைப்பு, எல்லாரும் ஆட வேண்டும் என்பதையே தன் முதல் கொள்கையாக வைத்தது. சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருந்தாக வேண்டும். அங்கே பயிற்சியாளர்கள் பெற்றோர்களே, ஊதியம் இல்லாத தொண்டர்கள். பிறகு தேர்வு வைத்துச் சேர்க்கும் கிளப்புகளும், ஊர் ஊராகப் போகும் டிராவல் அணிகளும், அவற்றோடு கட்டணமும் வளர்ந்தன. 2017 அக்டோபர் 10ஆம் தேதி டிரினிடாட் அணியிடம் 2-1 என்ற கணக்கில் தோற்று, அமெரிக்க ஆண்கள் அணி அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை இழந்தபோது, பணம் உள்ள வீட்டுப் பிள்ளைகளை மட்டுமே வடிகட்டித் தேடுகிறோமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. உலகக் கோப்பையும் இரண்டு ஒலிம்பிக் தங்கமும் வென்ற கோல்காப்பாளர் ஹோப் சோலோ, இன்றைய செலவு அன்று இருந்திருந்தால் தம் குடும்பத்தால் தம்மைக் கால்பந்தில் சேர்த்திருக்க முடியாது என்று 2018இல் வெளிப்படையாகவே பேசினார். உள்ளே வருவதற்கே இவ்வளவு கட்டணம் என்றால், வந்த பிறகு களத்தில் இறங்க இன்னொரு கட்டணம் கேட்பது, கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்த்த குடும்பத்தை இரண்டாம் முறை வெளியே தள்ளுவதாகும். உங்கள் அணியிலேயே அப்படியொரு குடும்பம் இருக்கக்கூடும். அவர்கள் யாரிடமும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள்.

2019 மார்ச்சில் வெளிவந்த கல்லூரிச் சேர்க்கை மோசடி வழக்கு உனக்கு நினைவிருக்கும். யேல் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்த ரூடி மெரிடித், ஒரு மாணவியைக் கால்பந்து வீராங்கனை என்று காட்டிச் சேர்த்ததற்காக 4 லட்சம் டாலர் காசோலை வாங்கினார். லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ ஆண்கள் அணிப் பயிற்சியாளர் ஹோர்ஹே சால்செடோ இரண்டு மாணவர்களுக்காக 2 லட்சம் டாலர் வாங்கி, எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். உங்கள் புதன்கிழமை வகுப்பும் அந்தக் குற்றமும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. இங்கே சட்டத்தை யாரும் மீறவில்லை. ஆனால் அங்கேயும் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் கையே பணம் வாங்கும் கையாகவும் இருந்தது. பணம் கொடுத்த பெற்றோரில் பலர் தங்கள் பிள்ளைக்கு எதையும் சொல்லாமலே செய்தார்கள், பிள்ளையோ செய்தி வெளிவந்த நாளில் ஊர் முழுவதோடும் சேர்ந்து அதை அறிந்துகொண்டது. அந்தப் பிள்ளைகளின் இடத்தில் வைத்துத்தான் நான் பேத்தியை நினைத்துப் பார்க்கிறேன்.

கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்ற எண்ணம் உங்கள் மனத்தில் இருந்தால், அதையும் கணக்கிட்டுப் பாருங்கள். 2025 வரை, கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான முதல் பிரிவில் ஆடும் பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணி ஒன்றுக்கு 14 முழு உதவித்தொகைகளே உச்சவரம்பு. ஆண்கள் அணிக்கு 9.9. அவற்றையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பலருக்குக் கொடுத்தார்கள். பதினொரு வயதில் வாங்கிய நிமிடங்கள் அந்த வாசலைத் திறக்கும் என்று நம்பிப் பணம் செலவிடுவது வீண்.

பணம் கொடுக்காவிட்டால் பேத்தி இந்தப் பருவம் முழுவதும் பெஞ்சில் உட்கார நேரலாம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை; காரில் திரும்பி வரும்போது அவள் பேசாமல் வருகிறாள் என்று நீ எழுதிய வரியை அம்மா இரண்டு முறை படித்தாள். ஆனால் புதன்கிழமை யார் போகிறார்கள், யார் போவதில்லை என்பது பிள்ளைகளுக்குப் பெற்றோரைவிட நன்றாகத் தெரியும். பணம் கொடுத்து நடுக்களத்தில் அவளை இறக்கினால், தான் நன்றாக ஆடியதால் வந்த இடமா, அப்பா கொடுத்ததால் வந்த இடமா என்று அவளால் ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது. இன்று அவளுக்குக் கிடைக்கும் பத்து நிமிடமாவது முழுக்க அவளுடையது. அவளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்; பதினொரு வயதுக் குழந்தைக்கு நியாயம் நன்றாகவே புரியும்.

இனிச் செய்ய வேண்டியது. ஆட்டம் முடிந்த சூட்டில் பயிற்சியாளரிடம் பேசாதீர்கள். பல கிளப்புகளில் 24 மணி நேரம் கழித்தே பேச வேண்டும் என்ற வழக்கம் உண்டு, அது நல்ல வழக்கம். முதலில் பேத்தியையே அவரிடம் அனுப்பி, தான் கூடுதல் நேரம் ஆட எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்கச் சொல். அதன் பிறகு கிளப்பின் பயிற்சி இயக்குநருக்கு மின்னஞ்சல் எழுது. இந்த வயதுப் பிரிவுக்குக் குறைந்தபட்ச ஆட்ட நேரம் உண்டா, தம் அணிப் பிள்ளைகளிடம் பயிற்சியாளர் தனியாகப் பணம் வாங்கக் கிளப் அனுமதிக்கிறதா, அனுமதித்தால் அந்தத் தொகை கிளப்பின் கணக்கில் பதிவாகிறதா என்ற மூன்றையும் கேள். பயிற்சியாளரைக் குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் வேண்டாம். புதன்கிழமைக்குப் போகாத மற்றப் பெற்றோரும் கையெழுத்திட்டால் நல்லது. தெளிவான பதில் வராவிட்டால், அடுத்த பருவத்துக்கான தேர்வுகள் தொடங்கும் முன்பே வேறு கிளப்புகளையும், எல்லாப் பிள்ளைகளையும் ஆடவைக்கும் ஊர் லீக்கையும் போய்ப் பாருங்கள். அங்கே தரம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் வாரம் ஏறத்தாழ 34 நிமிடம் அவள் களத்தில் இருப்பாள்.

அந்த மின்னஞ்சலின் வரைவை நான் எழுதித் தருகிறேன்; கிளப் நிர்வாகிகள் எந்தச் சொல்லுக்குப் பதில் எழுதுவார்கள், எதைக் கண்டால் பதில் எழுதாமல் நழுவுவார்கள் என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு இன்னும் ஐயம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை என்னைக் கூப்பிடச் சொல், அவர் தரப்பையும் முழுமையாகக் கேட்க விரும்புகிறேன். பேத்திக்கு எங்கள் முத்தங்கள்.

அன்புடன்,
அப்பா