ஊருக்குள் ஓட்டவே விற்றீர்கள், ஊருக்குள் ஓட்டியதே குற்றம் என்கிறீர்கள்

அனுப்புநர்:
காரின் உரிமையாளர்,
தாராசுரம், கும்பகோணம்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கார் நிறுவனத் தலைமையகம்.

நகல்: மேலாளர், தஞ்சாவூர் விற்பனை மற்றும் சர்வீஸ் நிலையம்.

பொருள்: டீசல் காரின் புகைத்துகள் வடிகட்டிக்கு உத்தரவாதம் மறுத்து, புதியது பொருத்த ₹1,42,600 கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

2021-இல் உங்கள் நிறுவனத்தின் டீசல் காரைத் தஞ்சாவூர் விற்பனை நிலையத்தில் வாங்கினேன். இதுவரை ஓடியது ஏறக்குறைய 31,000 கிலோமீட்டர். அந்தக் கார் இப்போது உங்கள் சர்வீஸ் நிலையத்தில் நிற்கிறது. புகைக்குழாயில் உள்ள துகள் வடிகட்டி, உங்கள் ஆட்கள் டி.பி.எஃப். என்று சொல்லும் பாகம், அடைத்துவிட்டதாம். மாற்ற ₹1,42,600 ஆகுமாம். நான் தனியாகப் பணம் கட்டி வாங்கிய நீட்டிப்பு உத்தரவாதம் இதற்குச் செல்லாதாம். ஏன் செல்லாது என்று எழுதிக் கேட்டேன். எழுதியே கொடுத்தார்கள்: “வாடிக்கையாளரின் பயன்பாட்டு முறை. தொடர்ந்து குறைந்த தூர ஓட்டம்.”

அந்த ஒரு வரியை ஏற்க முடியாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கார் வாங்கப் போன அன்று உங்கள் விற்பனையாளர் என்னை உட்கார வைத்து ஒரு படிவம் நிரப்பினார். வீட்டில் எத்தனை பேர், முன்பு என்ன கார் வைத்திருந்தீர்கள், தினமும் எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வீடு தாராசுரத்தில், மருந்துக் கடை மகாமகக் குளத்துப் பக்கத்தில். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவேன், இரவு திரும்புவேன். மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ தஞ்சாவூர் அல்லது திருச்சி. அவர் தன் கையாலேயே “பயன்பாடு: பெரும்பாலும் ஊருக்குள்” என்று எழுதி, அதற்கு நேர் கீழே டீசல் மாடலைப் பரிந்துரைத்து எழுதினார். மைலேஜ் அதிகம், எஞ்சின் பல வருடம் உழைக்கும் என்றார். பெட்ரோல் காரைவிட ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் கூடுதலாகக் கொடுத்தேன். அந்தப் படிவத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் பயன்பாட்டு முறை உங்களுக்கு இன்று தெரியவந்த செய்தியல்ல. முன்பணம் வாங்குவதற்கு முன்பே உங்கள் காகிதத்தில் பதிவானது அது.

இந்த வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் நிறுவனத்தில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்றிருந்த துகளின் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. அதற்காகத்தான் இந்த வடிகட்டி. கரித்துகளை அது பிடித்து வைக்கிறது. நிறையச் சேர்ந்ததும் எஞ்சின் கூடுதலாக டீசலைச் செலுத்தி, வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடாக்கி, கரியை எரித்துவிடுகிறது. கார் ஒரே சீராக, ஓரளவு வேகத்தில், இருபது நிமிடமாவது நிற்காமல் ஓடினால்தான் இது முழுமையாக நடக்கும். நடுவில் எஞ்சினை அணைத்தால் எரிப்பு பாதியில் நின்றுபோகும். அடுத்தமுறை இன்னும் அதிகக் கரி. கூடுதலாகச் செலுத்திய டீசலில் ஒரு பகுதி எஞ்சின் எண்ணெயில் இறங்கிக் கலந்துவிடும். எண்ணெய் நீர்த்துப்போகும். மைலேஜும் குறையும்.

தாராசுரத்திலிருந்து மகாமகக் குளத்துக்கு வரும் வழியில் எந்தக் கார் இருபது நிமிடம் நிற்காமல் ஓடும்? இந்தப் பொறியியல் தெரிந்த நிறுவனம், “பெரும்பாலும் ஊருக்குள்” என்று எழுதிய கையோடு, “உங்களுக்கு டீசல் வேண்டாம், பெட்ரோல் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு ஒரு லட்சம் மிச்சமாகியிருக்கும். இந்தக் கடிதத்துக்கும் அவசியம் இருந்திருக்காது.

எச்சரிக்கை விளக்கு முதன்முதலில் 2022-இல் எரிந்தது. சர்வீஸ் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். அறுபது கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள், தானாக அணைந்துவிடும் என்றார்கள். அன்று எங்களுக்கு இருந்த வழி பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலைதான். ஊருக்கு ஊர் வேகத்தடை, கடைத்தெரு, பள்ளி வாசல். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் வேறு. அந்தச் சாலையில் அந்த வேகத்தை விடாமல் பிடிப்பவன் யார் மீதாவது மோதித்தான் நிறுத்துவான். வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்காகப் பொதுச் சாலையில் பிறர் உயிரோடு விளையாடச் சொல்லும் ஆலோசனையை ஒரு கார் நிறுவனம் தொலைபேசியில் அவ்வளவு இலகுவாகச் சொன்னது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதன்பிறகு விளக்கு எரிவதும், காரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோவதும், கணினியை இணைத்து நின்ற இடத்திலேயே கரியை எரிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு கட்டணம். எண்ணெயில் டீசல் கலந்துவிட்டது என்று சொல்லி எண்ணெய் மாற்றக் கட்டணம். இந்த எஞ்சினுக்கு என்று தனியான, சாம்பல் குறைந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், அது விலை அதிகம். போதாததற்கு நான் கேட்காத இன்ஜெக்டர் கிளீனிங், ஏ.சி. கிருமிநீக்கம், எஞ்சின் பாலிஷ். ஒரு பில்லில் “இதர நுகர்பொருட்கள்” என்று மட்டும் போட்டு ₹1,180 இருக்கிறது. அது என்ன பொருள் என்று கேட்டேன், பில் போட்ட பெண்ணுக்கும் தெரியவில்லை. எல்லா பில்களின் நகலும் இணைப்பில் உள்ளன. அவற்றைக் கூட்டிப் பார்க்கும் வேலையை உங்களிடமே விடுகிறேன்.

என் பழைய காரைப் பதினைந்து வருடம் பார்த்துக்கொண்ட மெக்கானிக் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லக்கூடியவர். இப்போது அவரிடமும் ஸ்கேனர் உண்டு. என் காரில் இணைத்துப் பார்த்தார். பி2463 என்ற குறியீடு வந்தது, வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். அவர் அதோடு நிற்கவில்லை. “சார், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சிறிய சென்சார் அளக்கிறது. அது கெட்டாலும், அதற்குப் போகும் குழாய் விரிசல் விட்டாலும் இதே விளக்குதான் எரியும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்” என்றார். இன்னொன்றும் சொன்னார்: கரி எரியும், எண்ணெயிலிருந்து வரும் சாம்பல்தான் எரியாது. சாம்பலால் ஒரு வடிகட்டி நிரம்பப் பொதுவாக ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஆகும். 31,000-இல் அடைத்திருப்பது கரியாகத்தான் இருக்கும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வழி உண்டு.

இந்த இரண்டையும் உங்கள் சர்வீஸ் ஆலோசகரிடம் கேட்டேன். சென்சாரைச் சோதித்தீர்களா? பதில் இல்லை. கழற்றிச் சுத்தம் செய்ய முடியாதா? “நிறுவனத்தின் நடைமுறையில் அது இல்லை சார், மாற்றுவது மட்டும்தான்.” ஒன்றரை லட்சத்தை நெருங்கும் ஒரு பாகத்தைத் தூக்கி எறியச் சொல்வதற்கு முன், சில ஆயிரம் ரூபாய் சென்சாரைச் சோதித்ததற்கான தாள் ஒன்றைக்கூட எனக்குக் காட்டவில்லை. அந்த ஆலோசகர் மீது எனக்குக் கோபமில்லை. சிறு வயது. உங்கள் கணினி சொன்னதை என்னிடம் படித்துக் காட்டுகிறார், அவ்வளவே அவருக்குத் தரப்பட்ட அதிகாரம்.

எங்கள் மெக்கானிக்கே நின்ற இடத்தில் கரியை எரித்துக் கொடுத்திருப்பார். அந்தக் கட்டளையை அனுப்ப உங்கள் நிறுவனத்தின் மென்பொருளும் கடவுச்சொல்லும் வேண்டுமாம். அதை அவருக்கு விலைக்குக்கூட நீங்கள் தருவதில்லை. இது சரியல்ல என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு ₹2,544 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் நடந்ததும் எனக்குத் தெரியும். 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகத் தனி இணையதளம் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. இவ்வளவுக்குப் பிறகும் கும்பகோணத்தில் இருக்கும் ஒரு தேர்ந்த மெக்கானிக் என் காரின் முன் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நீங்கள் வைத்த விலையில் மட்டுமே என் காரைச் சரிசெய்ய முடியும் என்றால், வாங்கிய பிறகும் அது யாருடைய கார்?

வேறொரு பட்டறையில் இன்னொரு யோசனை சொன்னார்கள். வடிகட்டியின் உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு, எஞ்சின் கணினியை ஏமாற்றும்படி மாற்றிவிடுவார்களாம். செலவு மிகக் குறைவு, இனி விளக்கே எரியாது என்றார்கள். மறுத்துவிட்டேன். அது சட்டவிரோதம். அதைவிட முக்கியமாக, ஆஸ்துமா இன்ஹேலர் வாங்க என் கடைக்கு வரும் குழந்தைகளை நான் தினமும் பார்க்கிறேன். அந்த வடிகட்டி எதற்காக இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது காரில் இருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் உங்கள் விலையைத் தாங்க முடியாத எத்தனை பேர் அந்தப் பட்டறையின் பேச்சைக் கேட்டிருப்பார்கள்? சுத்தம் செய்யும் வழியை அடைத்து, ஒன்றரை லட்சத்தை மட்டும் வழியாகக் காட்டினால், ஊர்க் காற்றுக்குத்தான் அதன் விளைவு.

நான் ஒரு மாத்திரையைக் கொடுக்கும்போது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, வண்டி ஓட்டலாமா கூடாதா என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். சொல்லாமல் கொடுத்துவிட்டு, பாதிப்போடு திரும்பி வருபவரிடம் “நீங்கள் சாப்பிட்ட முறை சரியில்லை” என்று நான் சொன்னால் இந்த ஊரில் என் கடை நடக்குமா? உங்கள் பயனர் கையேட்டில் இந்த வடிகட்டி பற்றி ஒரு பத்தி இருக்கிறது என்று ஆலோசகர் பிறகு எடுத்துக் காட்டினார். பல நூறு பக்கங்களுக்கு நடுவில், ஆங்கிலத்தில். அந்தப் புத்தகமும் சாவியோடு சேர்த்து, முழுப் பணமும் கட்டி முடித்த பிறகுதான் என் கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் இத்தனை கார்கள் விற்கும் உங்களால் தமிழில் ஒரு பக்கம் அச்சிட முடியாதா?

விலையைப் பற்றியும் ஒன்று. சென்ற ஆண்டு கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் உரசியதில் முன்விளக்கின் பிடிமானக் காது ஒன்று உடைந்தது. விளக்கு நன்றாகவே எரிந்தது. காது மட்டும் தனியாகக் கிடையாது, எல்.இ.டி. விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ₹34,500 வாங்கினீர்கள். சிறு பாகம் உடைந்தால் பெரிய பாகத்தையே வாங்க வைப்பது உங்கள் காரின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுத்தரக் குடும்பம் ஒன்று ஐந்தாறு வருடக் கடனில் கார் வாங்குகிறது. மாதத் தவணையைக் கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறது. தவணை முடிவதற்குள் இப்படி ஒரு மதிப்பீடு வந்தால், பிள்ளைகளின் கல்விக்கு எடுத்து வைத்ததில்தான் கை வைக்க வேண்டும். நான் அதைச் செய்யப் போவதில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். முதலில் அழுத்த சென்சாரையும் அதன் குழாய்களையும் சோதித்து, அளவீடுகளை எனக்கு எழுத்தில் கொடுங்கள். வடிகட்டியில் இருப்பது கரியா சாம்பலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுத்தம் செய்ய முடியுமானால் உங்கள் செலவில் செய்து கொடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் உத்தரவாதத்தின்கீழ் மாற்றுங்கள். இதுவரை கரியை எரிக்கவும் அதன் காரணமாக எண்ணெய் மாற்றவும் வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுங்கள். இனி டீசல் கார் கேட்டு வருபவர் ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் என்றால், பணம் வாங்கும் முன்பே இந்த விவரத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையால் எனக்கு லாபம் ஏதுமில்லை. எனக்கு அடுத்து வாங்குபவருக்காகக் கேட்கிறேன்.

கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றை அறியும் உரிமை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் விற்பனையாளரின் கையெழுத்தில் உள்ள படிவமே என் முதல் ஆவணமாக இருக்கும்.

வேலைக்கு ஒப்புதல் தராமல் காரை நிறுத்தி வைத்தால் நாள் வாடகை போடுவோம் என்று சர்வீஸ் நிலையத்திலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. உத்தரவாத மறுப்பு விவாதத்தில் இருக்கும்வரை அந்த வாடகையை நான் கட்ட மாட்டேன். என் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் அந்த வடிகட்டியைக் கழற்றவோ வெளியே அனுப்பவோ கூடாது. கழற்ற நேர்ந்தால், பழைய பாகம் என் கண்முன் முத்திரையிடப்பட்டு என்னிடமே ஒப்படைக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்.

இணைப்பு: விற்பனைப் படிவம், நீட்டிப்பு உத்தரவாதச் சான்று, பழுதுபார்ப்பு மதிப்பீடு, உத்தரவாத மறுப்புக் குறிப்பு, சர்வீஸ் பில்கள் ஆகியவற்றின் நகல்கள்.