உன் கண்மேல் பழி போடாதே

அன்புள்ள செல்வம்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனது ஆறியது. ஆனால் கடைசிப் பத்தியில் "இனி இரண்டு பிம்பங்களைப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் இந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா எனக்கு ஒத்துவராது, விற்றுவிடலாம்" என்று எழுதியிருந்தாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை.

ஏழு படங்களையும் லூப் (பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். ஏழிலும் பேத்தியின் கண் மங்கல், காதோரத்து முடி மட்டும் இழை இழையாகத் தெரிகிறது. ஒன்றில்கூட மூக்கு நுனியில் ஃபோகஸ் விழவில்லை. கண் தடுமாறினால் பிழை முன்னும் பின்னுமாகச் சிதறும். எல்லாம் ஒரே பக்கம் போகிறது என்றால் கோளாறு கருவியில்தான், செல்வம்.

நாம் வியூஃபைண்டரில் பார்ப்பது லென்ஸ் வழியாக வரும் காட்சி இல்லையே. லென்ஸின் பின்விளிம்பு கேமராவின் பாடிக்குள் இருக்கும் சின்ன ரோலரைத் தள்ளுகிறது, அந்த அசைவில் இரண்டாவது பிம்பம் நகர்ந்து வந்து முதலாவதோடு பொருந்துகிறது. ரோலர் ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் பிம்பங்கள் கச்சிதமாகப் பொருந்தித்தான் தெரியும், படம்தான் வேறு இடத்தில் விழும். உன் 35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், ஒரு மீட்டரில் அதற்குப் பதின்மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு ஆழம், அதாவது தெளிவாக விழும் பகுதி, கிடைக்கும். இந்த ஏழு படங்களை எடுத்த 50 மி.மீ. எஃப்/1.4-க்கு அதே தூரத்தில் சுமார் மூன்றுதான். கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியே அதைவிட அதிகம்.

அப்புறம் பாடியையும் பார்க்க வேண்டும். 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் அந்த இரண்டு பிம்பங்களும் வரும் ஜன்னல்களுக்கு இடையே 68.5 மி.மீ.; அதை 0.91 உருப்பெருக்கத்தால் பெருக்கினால் 62 வருகிறது. இந்த எண் பெரிதாக இருந்தால் ஃபோகஸும் அவ்வளவு துல்லியம். உன்னுடைய 0.72 ஃபைண்டரில் அது ஏறத்தாழ 50-க்கு இறங்கிவிடும். போதாது என்று சொல்லவில்லை. ஆனால் நீ ஆசைப்படும், துளை இன்னும் அகலமான எஃப்/1 லென்ஸை மாட்டினால், தப்புக்கு இடமே இருக்காது.

சரி, இதைச் செய்துபார். முதலில் லென்ஸை இன்ஃபினிட்டியில் நிறுத்தி, தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தையோ நிலாவையோ பார்: இரண்டு பிம்பமும் ஒன்றாகின்றனவா? பிறகு ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வை. ஒரு மீட்டர் தூரத்தில் ட்ரைபாடில் கேமராவை வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸின் துளையை) முழுக்கத் திறந்து, ஒரே கோட்டில் ஃபோகஸ் செய்து பத்துப் படம் எடு. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வளையத்தை இன்ஃபினிட்டி வரை திருப்பிவிட்டு மறுபடி கொண்டுவர வேண்டும், இது முக்கியம். எஃப்/2.8-இலும் இரண்டு எடு. சோனார் (Sonnar) என்ற வடிவமைப்பில் செய்த லென்ஸ்களில் அப்பர்ச்சரைக் குறைக்கும்போது ஃபோகஸ் பின்னால் நழுவும். அது ரிப்பேரில் சரியாகாது, பழகிக்கொள்ள வேண்டிய குணம்.

இன்னொன்று. நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டு ஃபிரேமுக்காகக் கேமராவைத் திருப்பும் பழக்கம் நம் இருவருக்கும் உண்டு. ஒரு மீட்டரில் 15 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் மூன்றரை சென்டிமீட்டர் பின்னால் போகிறது. உன் படங்களில் முகம் ஓரத்தில்தான் இருக்கிறது, அதனால் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஸ்கேல் படம் எடுக்கும்போது கேமராவைத் திருப்பாதே, எது எது என்று தெரிந்துவிடும்.

சரிசெய்யக் கொடுப்பதானால் பாடியோடு எல்லா லென்ஸ்களையும் சேர்த்தே கொடு. போன வருடம் நான் 50-ஐ மட்டும் பாடியோடு கொடுத்தேன். அது அருமையாக வந்தது, ஆனால் அதுவரை நன்றாக இருந்த 90 மி.மீ. கெட்டுப்போனது. 50-இல் இருந்த பிழைக்காகப் பாடியை மாற்றிவிட்டார்கள் என்று பிறகுதான் புரிந்தது. இரண்டாவது முறை எல்லாவற்றையும் அனுப்பி மூன்று மாதம் காத்திருந்தேன்.

புதுக் கண்ணுக்கு டாக்டர் பவர் எழுதித் தந்ததும், ஐபீஸில் மாட்டும் திருத்த லென்ஸையும் அதற்கேற்ப மாற்றிக்கொள். பத்து ஸ்கேல் படங்களையும் அப்படியே அனுப்பு, வெட்டாமல். அவற்றைப் பார்த்துவிட்டு நான் எழுதும்வரை கேமராவை யாருக்கும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
மூர்த்தி